பனிக்கடலில் ஓர் ஏரி!

1

"மேடம்... பாடியை எடுத்தாச்சு!"

கரையிலிருந்து கான்ஸ்டபிள் கத்தினார்.

திங்கட்கிழமை. காலை ஏழே முக்கால்.

இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து இறங்கினார். நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. இருபது வருட சர்வீஸில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவர் பேச்சைக் கேட்டு மற்றவர்கள் சிரிக்காமல் இருந்ததும் இல்லை.

பூட்ஸ் சேற்றில் புதையப் புதைய நடந்தார்.

கரையில் கிடந்தவனுக்கு முப்பத்தெட்டு வயது இருக்கலாம். ஆரஞ்சு நிற ஜாக்கெட். முதுகில் 'சர்வே' என்று பெரிய எழுத்து. பின்மண்டையில் ஓர் ஆழமான காயம். இடது காலில் ஷூ இல்லை.

"யாரு?"

"சர்வேயர் மேடம். நகர மேப் ஆபீஸ்ல வேலை. நேத்து சாயங்காலம் அளக்கப் போறேன்னு கிளம்பினவர் வீட்டுக்கு வரலியாம்."

"அளக்கற மெஷின்?"

"காணோம் மேடம். ஏரிக்குள்ள விழுந்திருக்கும்."

அப்போதுதான் ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது. மேப் ஆபீஸ் டைரக்டர் இறங்கினார். பளபளக்கும் ஷூவைச் சேற்றிலிருந்து காப்பாற்றுவதே அவருக்குப் பெரும்பாடாக இருந்தது.

"வாங்க சார். சம்பவ இடம்னு எழுதணும். இந்த ஏரிக்கு உங்க மேப்ல ஒரு நம்பர் இருக்கும்ல?"

டைரக்டர் கையிலிருந்த டேப்லெட்டைத் தடவினார். மறுபடி தடவினார். தொண்டையைக் கனைத்தார்.

"மேடம்... இது ஏரி இல்ல."

"என்னது?"

"எங்க மேப்படி ஏரி அதோ... அந்த மரத்தோட முடிஞ்சுடுது. நாம நிக்கறது... வீட்டு மனை."

இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார். எதிரே நூறு மீட்டருக்குத் தண்ணீர். அந்த வீட்டு மனையின் நடுவே ஒரு நாரை ஒற்றைக் காலில் நின்று மீன் பிடித்துக்கொண்டிருந்தது.

"அப்ப இவரு வீட்டு மனையில மூழ்கிச் செத்துட்டாரு. அப்படித்தானே சார்?"

டைரக்டரின் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணா...!"

அந்த அலறலில் நாரை எழுந்து பறந்தது.

ஓடி வந்தாள் ஒரு பெண். செத்துக் கிடந்தவனின் தங்கை. அதே ஆபீஸில் ஊரின் தெருக்கள், வீடுகள், குளங்கள், கால்வாய்கள் எல்லாம் எண்களாகக் குடியிருக்கும் டேட்டாபேஸைக் கட்டிக் காப்பவள். ஆபீஸில் அவளுக்கு 'டேட்டாம்மா' என்று பெயர்.

சேற்றிலேயே மண்டியிட்டு அண்ணனின் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கத் தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது.

அவளை ஒரு கை மெல்ல எழுப்பியது.

"எழுந்திரும்மா... எழுந்திரு..."

சித்தப்பா!

சொந்தச் சித்தப்பா இல்லை. ஆபீஸின் பழைய வரைபட அறைக்குத் தலைவர். முப்பத்தோரு வருட சர்வீஸ். அளக்கும் கருவிகளெல்லாம் அவர் பொறுப்பில். அத்தனை பேரும் அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். வயிற்றுவலி என்றால் மாத்திரை கொடுப்பார். சண்டை என்றால் விலக்கிவிடுவார்.

"தங்கமான பையன் மேடம்... என் கையில வளர்ந்தவன்..."

குரல் உடைந்து அழுதார். பிறகு குனிந்து, பிணத்தின் மேல் போர்த்தியிருந்த துணியின் நான்கு மூலைகளையும் இழுத்து, ஒரே அளவாகச் சரிசெய்தார்.

2

புதன்கிழமை. காலை பத்தரை.

டைரக்டரின் அறை. கண்ணாடி மேஜை. அதன் மேல் ஒரே ஒரு தாள்.

"கையெழுத்து போடும்மா" என்றார் டைரக்டர்.

தங்கை தாளைப் படித்தாள். படிக்கப் படிக்கக் கன்னம் சிவந்தது.

"என்ன சார் இது?"

"போன வாரம் செவ்வாய்க்கிழமை உங்கண்ணன் லாகின்ல யாரோ ஏரியோட எல்லையைச் சின்னதாக்கி இருக்காங்க. யாரோன்னு என்ன... அவர்தான். விஷயம் வெளிய வரப்போவுதுன்னு தெரிஞ்சதும் பயம். தண்ணியில இறங்கிட்டார். டேட்டாபேஸ் பொறுப்பு உன்னோடது. 'இந்த மாற்றம் சர்வேயரால் செய்யப்பட்டது'ன்னு நீ எழுதிக் குடுத்தா ஃபைல் முடிஞ்சுடும். நாலு மணிக்குப் பத்திரிகைக்காரங்க வர்றாங்க."

"பின்மண்டையில அடிபட்டிருக்கே சார்? தற்கொலை பண்ணிக்கறவன் பின்மண்டையில அடிச்சுக்கிட்டா இறங்குவான்?"

"எல்லைக் கல்லுல வழுக்கி விழுந்திருப்பார்."

"தற்கொலையா, வழுக்கி விழுந்தானா? ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க சார். ரெண்டையும் சேர்த்து என் காதுல பூ சுத்தாதீங்க!"

டைரக்டர் எழுந்துவிட்டார்.

"மரியாதையா பேசும்மா! லாகின் பொய் சொல்லுமா?"

"லாகின் பொய் சொல்லாது. லாகின்ல நுழைஞ்சவன் சொல்லுவான். எங்கண்ணன் பாஸ்வேர்டை மானிட்டர்ல சீட்டு எழுதி ஒட்டி வச்சிருந்தான். தெருவுல போறவனுக்குக்கூடத் தெரியும்."

"பேக்கப்பையும் பார்த்துட்டியா?"

"பேக்கப் உங்க பீரோவுல இருக்கு. விசாரணை முடியற வரைக்கும் தர மாட்டேன்னு சொன்னது நீங்கதான்."

"ஆமா, தர மாட்டேன். கையெழுத்து போடப் போறியா, இல்லையா?"

கதவு மெதுவாகத் திறந்தது. ஒரு டம்ளர் தண்ணீரோடு சித்தப்பா வந்தார். கோணலாகக் கிடந்த தாளை மேஜை விளிம்போடு சேர்த்து நேராக வைத்தார். பேனாவை அதற்குப் பக்கத்தில், இணையாக.

"போட்டுடும்மா" என்றார் தணிந்த குரலில். "போனவன் வரப்போறதில்ல. எதிர்த்து நின்னு நீயும் வேலையை விட்டுட்டுப் போகணுமா? அண்ணிக்கும் குழந்தைக்கும் இனிமே நீதானே..."

அந்த நேரம் பார்த்து அவள் செல்போன் அலறியது.

அண்ணி!

"டிவியில ஓடுதுடி..." அண்ணியின் குரலில் அழுகைகூட வற்றிப் போயிருந்தது. "ஏரியைத் திருடின சர்வேயர்னு போடறான். பாப்பா வந்து கேக்கறா... 'அம்மா, அப்பா திருடனா?'ன்னு. நான் என்னடி சொல்ல?"

தங்கை கண்ணை மூடித் திறந்தாள்.

"இல்லேன்னு சொல்லுங்க அண்ணி. சத்தமா சொல்லுங்க. டிவியை அணைக்காதீங்க. சாயங்காலம் அதே டிவியில வேற செய்தி வரும்."

போனை வைத்தாள். பேனாவை எடுத்தாள்.

டைரக்டரின் முகத்தில் நிம்மதி வந்தது.

அவள் பேனாவின் மூடியைத் திருகி மூடி, தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"கையெழுத்து கிடையாது சார். என் வேலை வேணுமா, எடுத்துக்குங்க. எங்கண்ணன் பேரு... அது உங்களுக்குக் கிடைக்காது!"

3

தங்கை தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

வீரமாகப் பேசிவிட்டாள். நான்கு மணிக்கு என்ன செய்வாள்?

"தைரியமாத்தான் பேசினீங்க. வராண்டா வரைக்கும் கேட்டுச்சு."

பின்னால் இன்ஸ்பெக்டர். கையில் ஒரு நோட்டு. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு நாளா ஆளுங்களை விட்டு ஏரியைத் துழாவறேன். மெஷின் கிடைக்கல. சரி, கம்ப்யூட்டரையும் துழாவிடுவோம்னு வந்தேன். எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. ஏரி எப்படிம்மா இந்தப் பெட்டிக்குள்ள இருக்கும்?"

"புள்ளி புள்ளியா மேடம். கரையைச் சுத்தி அளந்து வர்ற ஒவ்வொரு இடமும் ஒரு புள்ளி. எல்லாத்தையும் வரிசையா கோத்து, ஆரம்பிச்ச புள்ளியிலயே கொண்டு வந்து முடிச்சா வளையம். அந்த வளையம்தான் ஏரி. நாலு புள்ளியை உள்ள தள்ளி வச்சா ஏரி சின்னதாயிடும்."

"அவ்வளவுதானா? நான் மண்ணைக் கொட்டி மூடணும்னு நினைச்சேன். இது ரொம்ப சுலபமா இருக்கே. செவ்வாய்க்கிழமை தள்ளினதை நீங்க பாக்கலியா?"

"நான் அன்னைக்கு லீவ். பையனுக்குக் காய்ச்சல்."

சொல்லிக்கொண்டே அந்தப் பதிவைத் திரையில் திறந்தாள்.

நாள்... நேரம்... அண்ணனின் லாகின்... புது எல்லையின் புள்ளிகள்...

தங்கையின் விரல் அப்படியே நின்றது.

"என்னம்மா?"

"மேடம்... இது சரியா இருக்கு!"

"சரியா இருந்தா நல்லதுதானே?"

"இல்ல மேடம்! எங்கண்ணன் சரியா போட மாட்டான்!"

இன்ஸ்பெக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பாவம், துக்கத்தில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

"ஒரு இடத்தைச் சொல்ல ரெண்டு எண் வேணும் மேடம். கிழக்கு மேற்கா எவ்வளவு, வடக்கு தெற்கா எவ்வளவு. எங்க டேட்டாபேஸ் கிழக்கைத்தான் முதல்ல கேக்கும். ஆனா மனுஷங்க வாயில வடக்குதான் முதல்ல வரும். எங்கண்ணன் படிச்ச காலத்துலேர்ந்து வடக்கைத்தான் முதல்ல எழுதுவான். மெஷின்ல அனுப்பினாலும் அப்படித்தான், கையால அடிச்சாலும் அப்படித்தான். மெஷின் செட்டிங்கையே அவன் இஷ்டத்துக்கு மாத்தி வச்சிருந்தான். நாலு வருஷமா கத்தறேன்... 'மாத்துடா, மாத்துடா'ன்னு. 'நீ எதுக்கு இருக்கே'ம்பான்."

"எண் ரெண்டும் இடம் மாறினா?"

"மேப்ல எல்லாம் வட துருவத்துக்குப் பக்கத்துல, பனிக்கடலுக்குள்ள போய் விழுந்துடும். தினம் காலைல எனக்கு முதல் வேலையே அவன் புள்ளிங்களைக் கடல்லேர்ந்து தூக்கி ஊருக்குள்ள கொண்டு வர்றதுதான்..."

மளமளவென்று விசைகளைத் தட்டினாள்.

திரையில் பதில் வந்தது.

"பாருங்க மேடம். நாலு வருஷத்துல அவன் போட்டது முந்நூத்துப் பதிமூணு பதிவு. முந்நூத்துப் பன்னண்டு முதல்ல வந்து விழுந்தது கடல்ல. ஒரே ஒண்ணுதான் ஊருக்குள்ள."

"ஏரியைச் சின்னதாக்கினது."

"ஆமா மேடம். அவன் பேர்ல வேற யாரோ போட்டிருக்காங்க. தப்பே பண்ணாத யாரோ!"

இன்ஸ்பெக்டர் நோட்டைத் திறந்தார். முதல் முறையாக அவர் கண்ணில் ஒரு சுறுசுறுப்பு.

"ஞாயித்துக்கிழமை அளந்தாரே... அது எங்க?"

"மெஷின் அளக்க அளக்க உடனே இங்க அனுப்பிடும். புதுசா வர்றதெல்லாம் இன்பாக்ஸ் டேபிள்ல விழும். ஆனா..." அவள் உதட்டைக் கடித்தாள். "திங்கக்கிழமை காலைல ஒன்பது மணிக்கு யாரோ மேப்ல ஏரியைச் சுத்திப் பெரிசா ஒரு கட்டம் போட்டு, அதுக்குள்ள இருந்த பழைய அளவு, புது அளவு எல்லாத்தையும் அழிச்சிருக்காங்க. ஆபீஸ் பொது லாகின். பதினாறு பேருக்கும் தெரியும்."

"கதை கந்தல்."

"இல்ல மேடம்."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். நாற்காலி பின்னால் உருண்டு போய்ச் சுவரில் இடித்தது.

"அவங்க ஏரியைச் சுத்தித்தான் கட்டம் போட்டாங்க. கடலைச் சுத்திப் போடல!"

ஊரின் மேப்பைச் சுருக்கினாள். தெருக்கள் மறைந்தன. கரைகள் மறைந்தன. மலைகளும் பாலைவனங்களும் விரைந்து நழுவின. மேலே... இன்னும் மேலே... வெள்ளை வெளேரென்று பனிக்கடல்!

அதன் நடுவே, சின்னஞ்சிறியதாய், ஒரு புள்ளிக் கூட்டம்.

"அண்ணா..." என்றாள் தங்கை. "தூக்காம விட்டுட்டேனே... மூணு நாளா தூக்காம விட்டுட்டேனே..."

அழுதேவிட்டாள். இன்ஸ்பெக்டர் தடுக்கவில்லை. அழுது முடிக்கும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு கேட்டார்.

"வளையத்துலேர்ந்து ஒரு வால் மாதிரி நீளுதே... அது என்ன?"

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள்.

அப்படியே உறைந்து போனாள்!

4

மதியம் மூன்று மணி. மீட்டிங் ஹால்.

பதினாறு பேர் நீள மேஜையைச் சுற்றி. சுவரில் புரொஜெக்டர் வெளிச்சம். வாசலில் இரண்டு கான்ஸ்டபிள்கள். இன்ஸ்பெக்டர் சொல்லித்தான் எல்லாரும் வந்திருந்தார்கள். டைரக்டர் மட்டும் நெருப்பில் நிற்பவர் போல் நின்றார்.

"இதுக்கெல்லாம் யார் பர்மிஷன் குடுத்தது? நாலு மணிக்குப் பிரஸ் வருது! அதை அணைங்கய்யா!"

"உட்காருங்க சார்" என்றார் இன்ஸ்பெக்டர். "மேப்லயே இல்லாத ஏரியில ஆளையே மூழ்கடிச்சிட்டீங்க. ஒரு மணி நேரம் படம் பாத்தா ஒண்ணும் ஆகாது."

டைரக்டர் புரொஜெக்டரின் பிளக்கைப் பிடுங்கப் போனார். கான்ஸ்டபிள் குறுக்கே வந்தார். பதினைந்து ஜோடிக் கண்களும் டைரக்டரைச் சந்தேகத்தோடு பார்த்தன. அவர் நெற்றியில் வியர்வை அரும்பியது.

தங்கை எழுந்தாள். குரலில் நடுக்கம் இல்லை.

"எங்கண்ணன் ஏரியைத் திருடினான்னு நீங்கல்லாம் மூணு நாளா பேசறீங்க. டீ குடிக்கற இடத்துல பேசினது எனக்கும் கேட்டுது. இப்ப பாருங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு பத்துக்கு ஆரம்பிச்சு, அஞ்சே காலுக்குள்ள எல்லைக் கல்லு கல்லா அவன் அளந்தது."

சுவரில் பனிக்கடல். அதில் நாற்பது புள்ளிகள்.

ஒரு விசையைத் தட்டினாள். எண்கள் இடம் மாறின.

கடல் காலியானது! நாற்பது புள்ளிகளும் ஊருக்குள் வந்து, ஏரியைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்தன. மேப்பில் இருந்த சின்ன ஏரியைவிட அது எவ்வளவோ பெரியது.

"இதுதான் நிஜ ஏரி. லீவு நாள்ல, தனியா, யாரும் கேக்காம போய் அளந்திருக்கான். இவனா திருடன்?"

திரையின் ஓரத்தில் இருந்த நேரத்தைச் சுட்டிக் காட்டினாள்.

"அஞ்சே காலோட அளவு நிக்குது. அளக்கறது நின்னாலும் மெஷின் நிமிஷத்துக்கு ஒரு புள்ளி அனுப்பிக்கிட்டே இருக்கும். ஸ்கிரீனை அணைச்சாலும் அனுப்பும். உள்ள இருக்கற அளவை அழிச்சாலும் அனுப்பினது போகாது. எடுத்துட்டுப் போனவருக்கு அது தெரியல."

"எடுத்துட்டுப் போனவரா?" டைரக்டரின் குரல் கீச்சிட்டது.

"ஆமா சார். மெஷின் ஏரிக்குள்ள விழல. நடந்து போயிருக்கு."

சுவரில் ஒரு வால் முளைத்தது. ஏரிக்கரையிலிருந்து கிளம்பிய புள்ளிகள் வரிசையாக நகர்ந்து, ஓர் இடத்தில் குவிந்தன.

"இங்க இருபத்தஞ்சு நிமிஷம் நின்னிருக்கு."

"ஈரச் சட்டையை மாத்த அவ்வளவு நேரம் ஆகும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"டேட்டாபேஸ்கிட்ட ரெண்டு கேள்வி கேக்கப் போறேன்" என்றாள் தங்கை. "முதல் கேள்வி... இந்தப் புள்ளிக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கற வீடு எது?"

திரையில் ஒரு வீடு சிவப்பாக ஒளிர்ந்தது.

"ரெண்டாவது... நிஜ ஏரி வளையத்துக்குள்ள கட்டியிருக்கற வீடு எது?"

ஒரே ஒரு பதில்தான் வந்தது.

அதே வீடு!

ஹாலில் சலசலப்பு. தங்கை ஒரு கணம் நின்றாள். அடுத்த விசையைத் தட்டுவது அவளுக்குச் சுலபமாக இல்லை. காலையில் இந்தப் பதிலைப் பார்த்ததிலிருந்து அவள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

தட்டினாள். வீட்டுக்காரரின் பெயர் சுவரில் வந்தது.

டைரக்டர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"இ... இது எப்படி...?"

"உங்க வீடா சார்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஐயோ, என் வீடு இல்ல மேடம்! இது..."

எல்லாத் தலைகளும் மேஜையின் கோடிக்குத் திரும்பின.

அங்கே சித்தப்பா, தமக்கு முன்னால் இருந்த நான்கு தண்ணீர் டம்ளர்களை ஒரே வரிசையாக நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார்!

"சித்தப்பா..." தங்கையின் குரல் உள்ளே போயிருந்தது. "பொய்யின்னு சொல்லுங்க. மேப் தப்புன்னு சொல்லுங்க. உங்க வாயால சொன்னா நான் நம்பிடுவேன்."

சித்தப்பா நிமிர்ந்தார். கனிவான அதே முகம்.

"வீடு என்னுதுதாம்மா. அதுக்காக? வால் புள்ளி ஏதோ கோளாறா இருக்கும். மெஷின்தான் தண்ணியில போயிடுச்சே."

"மெஷின் எத்தனை சார் உங்க பொறுப்புல?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"பன்னண்டு. ஒண்ணு போயிடுச்சு. பதினொண்ணு இருக்கு. நானே எழுதிக் குடுத்தேனே."

"வால் உங்க வீட்டோட முடியல சித்தப்பா" என்றாள் தங்கை.

புள்ளிகள் மறுபடி கிளம்பின. தெரு... பாலம்... மெயின் ரோடு... ஆபீஸ்! இதே கட்டடத்தின் கிழக்கு மூலையில், ஜன்னலோரம் போய் நின்றன. ஞாயிறு மாலை ஆறரையிலிருந்து, ஒன்றின் மேல் ஒன்றாக, நாலாயிரத்துச் சொச்சம் புள்ளிகள்.

"கடைசிப் புள்ளி வந்து இருபது செகண்ட் ஆச்சு. இப்பவும் அனுப்பிக்கிட்டே இருக்கு!"

இன்ஸ்பெக்டர் கண்ணைக் காட்டினார். ஒரு கான்ஸ்டபிள் ஓடினார். கிழக்கு மூலை என்பது பழைய வரைபட அறை. சித்தப்பாவைத் தவிர யாரும் கதவைத் திறக்காத அறை. ஜன்னலோரம் கண்ணாடி ரேக். அதில் பன்னிரண்டு குழிகள்.

இரண்டே நிமிடத்தில் திரும்பி வந்தார்.

"மேடம்! எண்ணிட்டேன். பன்னண்டும் இருக்கு. ஏழாம் நம்பர் குழியில ஏழாம் நம்பர் மெஷின். பச்சை லைட் எரியுது. சார்ஜ்ல போட்டிருக்கு!"

சித்தப்பாவின் கை டம்ளரிலிருந்து நழுவியது.

முப்பத்தோரு வருடமாக அவர் ஒவ்வொரு சர்வேயரையும் திட்டிய திட்டு ஒன்றுதான். 'திரும்பி வந்ததும் அதோட குழியில வை! சார்ஜ்ல போடு!' கொலை செய்த அன்றும் கை பழக்கத்தை மறக்கவில்லை.

அவர் பேச ஆரம்பித்தபோது குரல் எங்கோ கிணற்றிலிருந்து வந்தது.

"ஊர்ல எல்லார் வீட்டு எல்லையையும் நேரா போட்டுக் குடுத்தேன். என் மனையை மட்டும் பாக்காம விட்டேன். வீடு முடிஞ்சப்புறம்தான் பழைய மேப்ல பாத்தேன்... ஏரி எல்லைக்குள்ள நிக்குது. நாலு புள்ளிதாம்மா நகர்த்தினேன். யாருக்கு என்ன நஷ்டம்? அவன் கண்டுபிடிச்சுட்டு நேரா என்கிட்டதான் வந்தான். 'என் லாகின்ல யாரோ விளையாடி இருக்காங்க சித்தப்பா, ஞாயித்துக்கிழமை அளந்து பாத்துடறேன்'னான். அங்கேயே போய்க் கெஞ்சினேன். 'உங்க வீடா இருந்தாலும் ஏரி ஏரிதான் சித்தப்பா'ன்னான். தள்ளினேன். கல்லுல விழுந்தான். செத்துட்டான்னு நினைச்சுத்தான் தண்ணியில..."

"சாகல" என்றார் இன்ஸ்பெக்டர். "நுரையீரல்ல தண்ணி இருந்துச்சு. நீங்க இழுத்துட்டுப் போனப்ப அவருக்கு மூச்சு இருந்துச்சு."

இன்ஸ்பெக்டர் நோட்டில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"மெஷினையும் அங்கேயே எறிஞ்சிருக்கலாமே? ஏன் தூக்கிட்டு வந்தீங்க?"

"ஆபீஸ் சொத்து மேடம்... தண்ணியில எறிய மனசு வரல."

தங்கை மேஜையைச் சுற்றி நடந்து வந்தாள். அவர் முன்னால் நின்றாள்.

"எங்கண்ணனை எறிய மனசு வந்துச்சா?"

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

டைரக்டர்தான் முதலில் சுதாரித்தார். அவர் பிழைக்கத் தெரிந்த மனிதர்.

"டேட்டாம்மா... எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்தது... நாலு மணிக்குப் பிரஸ்கிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

அவள் காலையில் கையெழுத்துப் போடாத தாளை எடுத்து, நான்காகக் கிழித்து, அவர் சட்டைப் பையில் வைத்தாள்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் சார். ஓரமா உக்காருங்க. நான் பேசறேன்."

கம்ப்யூட்டருக்குத் திரும்பினாள். நாற்பது புள்ளிகளையும் கோத்தாள். ஆரம்பித்த புள்ளியிலேயே கொண்டு வந்து முடித்தாள். ஏரி தன் பழைய அகலத்துக்கு விரிந்தது. 'அளந்தவர்' என்ற கட்டத்தில் அண்ணனின் பெயரை முழுதாக, இனிஷியலோடு அடித்தாள்.

பிறகு அண்ணிக்குப் போன் போட்டாள்.

"அண்ணி... பாப்பாவைக் கூப்பிட்டு டிவி முன்னாடி உக்கார வைங்க."

மேஜையின் கோடியில் சித்தப்பாவை எழுப்பினார்கள். எழுந்தவர், பழக்கதோஷத்தில் தம் நாற்காலியை மேஜைக்கு அடியில் ஒழுங்காகத் தள்ளிவிட்டு, இரு கைகளையும் நீட்டினார். கான்ஸ்டபிள் அவசரத்தில் ஒரு விலங்கைத் தலைகீழாக மாட்டிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் அதட்டினார்.

"யோவ்! விலங்கை நேரா மாட்டுய்யா... சாருக்குக் கோணல்னா பிடிக்காது!"